உங்களுக்குத் தெரியுமா? மெத்தனாலை முறிப்பதும் ஒரு சாராயமே!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த விஷச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். அதற்கான மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது வழக்கமான மதுவில் இருக்கும் அதே பொருள். மெத்தனாலைவிடக் கொடியது, கல்லீரல் நொதிகள் அதிலிருந்து உண்டாக்கும் ஃபார்மிக் அமிலம்தான். கண் நரம்பைக் கருக்குவது அதுவே. முதல் நொதி மெத்தனாலைவிட எத்தனாலையே இறுகப் பற்றும். இடம் கிடைக்காத மெத்தனால், அமிலமாகாமலே மெல்ல வெளியேறிவிடும்.

அப்படியானால் வீட்டிலேயே மது கொடுத்துக் காப்பாற்றலாமே என்று கேட்கலாம். கூடவே கூடாது. ஏற்கெனவே உருவான அமிலத்தை எத்தனால் அகற்றாது. அதற்கு பைகார்பனேட்டும் டயாலிசிஸும் வேண்டும். எத்தனாலையும் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்தே ஏற்ற வேண்டும். மிஞ்சினால் மூச்சு அடங்கும், சர்க்கரை தாழும். போதை தராத ஃபோமெபிசோல் இதைவிடப் பாதுகாப்பானது, ஆனால் விலை அதிகம். “குடித்தவர் நன்றாகத்தானே இருக்கிறார்” என்ற வாதமும் நிற்காது: அறிகுறிகள் தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். கூடவே வேறு மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு இறங்கிவர ஆகும் நேரத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.