பழைய புல்லட்டுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: எந்த காயில் வாங்கணும்?

வீட்டுல தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டின பழைய புல்லட் கைக்கு வந்ததும் நம்ம பசங்க கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "மச்சி, பாயிண்ட் செட்டைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுடலாமா?" தாராளமா போடலாம். ஆனா அதுக்கு அடுத்து வர வேண்டிய கேள்வியை நிறைய பேர் கேட்கிறதே இல்ல. இருக்கிற காயில் போதுமா? மாத்தணும்னா எதை வாங்கணும்?

காயில் தப்பா அமைஞ்சா ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்கின பாக்ஸ் எரிஞ்சு போகும். இல்லன்னா வண்டி நல்லா ஓடுற மாதிரி ஓடி, எங்கயாவது மலைப் பாதையில சூடாகி நிக்கும். ரெண்டையுமே ஒரு மல்டிமீட்டரும் பத்தாம் கிளாஸ் ஓம் விதியும் வெச்சுத் தடுக்கலாம். அதைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

காயிலுக்குள்ள என்ன நடக்குது?

மெக்கானிக் அண்ணன்கள் எச்.டி. காயில்னு சொல்றதுக்குள்ள ரெண்டு சுற்று இருக்கு. தடிமனான கம்பியில கொஞ்சம் சுற்று, அது பிரைமரி. முடி மாதிரி மெல்லிய கம்பியில ஆயிரக்கணக்கான சுற்று, அது செகண்டரி. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி கரண்ட் பிரைமரி வழியா ஓடி, காந்தப்புலமா எனர்ஜி சேருது. கேம் சுத்தி பாயிண்ட்டைத் திறந்ததும் கரண்ட் சட்டுனு நிக்குது. காந்தப்புலம் சரியுது, செகண்டரியில பல ஆயிரம் வோல்ட் கிளம்புது, பிளக்ல பொறி தெறிக்குது.

எலக்ட்ரானிக் கிட் மாத்துறது அந்தச் சுவிட்சை மட்டும்தான். பாயிண்ட் இருந்த இடத்துல ஒரு காந்தமும் சென்சாரும், பெட்டிக்குள்ள ஒரு டிரான்சிஸ்டர். பாயிண்ட்ல முகம் கருகும், ஃபைபர் ஹீல் தேயும், தேயத் தேய இடைவெளி குறைஞ்சு டைமிங் பின்னாடி போகும். டிரான்சிஸ்டர்ல இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆனா பாயிண்ட்டுக்கு இருந்த மாதிரியே அதுக்கும் ஒரு கரண்ட் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள்ள நிக்குறோமா இல்லையான்னு முடிவு பண்றது காயிலோட பிரைமரி ரெசிஸ்டன்ஸ்.

ஓம் கணக்கு

12 வோல்ட் வண்டியில எஞ்சின் ஓடும்போது சார்ஜிங் வோல்டேஜ் கிட்டத்தட்ட 14. பாயிண்ட்டுக்குன்னு செஞ்ச 12 வோல்ட் காயிலோட பிரைமரி பொதுவா 3 முதல் 4 ஓம் இருக்கும். 3.5 ஓம்னு வெச்சுப்போம். 14 ÷ 3.5 = 4 ஆம்பியர். பாயிண்ட் தாங்குறதே அந்த அளவுதான். அதைத் தாண்டினா சீக்கிரம் கருகிடும். பழைய காயில் எல்லாம் ஏன் 3, 4 ஓம்ல இருக்குன்னா காரணம் இதுதான்.

இப்போ 6 வோல்ட் காலத்து புல்லட்டை எடுத்துக்கோங்க. அந்தக் காயில் ஏறக்குறைய 1.5 ஓம். 7 ÷ 1.5 போட்டா 4.7 ஆம்பியர், பிரச்சனை இல்ல. வண்டியை 12 வோல்ட்டுக்கு மாத்திட்டு, "காயில் நல்லாத்தானே இருக்கு"ன்னு அதையே விட்டுட்டா? 14 ÷ 1.5 = 9.3 ஆம்பியர். கரண்ட் ரெண்டு மடங்கு, ஆனா சூடு கரண்ட்டோட வர்க்கத்துல ஏறும், அதாவது நாலு மடங்கு. காயிலும் வேகும், பாக்ஸும் வேகும்.

அதனால முதல் விதி: கிட்டோட மேனுவல்ல "குறைந்தபட்ச பிரைமரி ரெசிஸ்டன்ஸ்"னு ஒரு எண் இருக்கும், அதைத் தேடுங்க. காயில் அதுக்குக் கீழ போகவே கூடாது. அந்த எண்ணைச் சொல்ல முடியாத கடையில கிட் வாங்காதீங்க.

டி.சி.ஐ.யா, சி.டி.ஐ.யா?

ஓம் சரியா இருந்தாலும் இந்தக் கேள்வியில கோட்டை விட்டா எல்லாம் வீண். எலக்ட்ரானிக் இக்னிஷன்ல ரெண்டு குடும்பம் இருக்கு.

டி.சி.ஐ. வகையில பழைய முறைப்படியே காயில்தான் எனர்ஜியைச் சேர்த்து வைக்குது. சேர்ற எனர்ஜி, இண்டக்டன்ஸையும் கரண்ட்டோட வர்க்கத்தையும் பெருக்கி அதுல பாதி. இண்டக்டன்ஸ் 8 மில்லி ஹென்றி, கரண்ட் 4 ஆம்பியர்னா 64 மில்லி ஜூல் வரும். ஒரு பொறிக்கு இது தாராளம்.

சி.டி.ஐ. வேற கதை. அங்க எனர்ஜி சேர்றது பெட்டிக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல. 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 300 வோல்ட்டுக்கு ஏத்தினா 45 மில்லி ஜூல். டிரிகர் வந்ததும் அது மொத்தமா காயிலுக்குள்ள கொட்டுது. இங்க காயில் வெறும் டிரான்ஸ்ஃபார்மர் வேலைதான் பாக்குது, எதையும் சேர்த்து வைக்கிறதில்ல. அதனால அதோட பிரைமரி ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 1 ஓமுக்கும் கீழ இருக்கும், இண்டக்டன்ஸும் குறைவு.

இப்போ ரெண்டையும் மாத்திப் போட்டா என்ன ஆகும்? சி.டி.ஐ. காயில் 0.5 ஓம்னு வெச்சு, அதை டி.சி.ஐ. பாக்ஸ்ல மாட்டினா 14 ÷ 0.5 = 28 ஆம்பியர். ஃபியூஸ் முந்திக்கிட்டா நல்ல நேரம், டிரான்சிஸ்டர் முந்திக்கிட்டா பாக்ஸ் போச்சு. அதுக்கு நேர்மாறா, பாயிண்ட் காயிலை சி.டி.ஐ.ல மாட்டினா எதுவும் எரியாது. ஆனா வேகமா ஏற வேண்டிய வோல்டேஜ் மெதுவா ஏறும், பொறி சோம்பலா இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனா லோடுல மிஸ் அடிக்கும். அப்புறம் நாம காயிலை விட்டுட்டு கார்புரேட்டரைக் கழட்டிட்டு உக்காந்திருப்போம்.

கடையில காயிலைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது, ரெண்டும் கருப்பு பிளாஸ்டிக் கட்டியாத்தான் இருக்கும். எந்த வண்டியோடதுன்னு கேளுங்க, மீட்டர் வெச்சு அளந்து பாருங்க.

"ரேசிங் காயில்" தேவையா?

எங்க டிபார்ட்மென்ட் பையன் ஒருத்தன்கிட்ட ஒரு கடைக்காரர் 0.7 ஓம் காயிலைக் காட்டி, "தம்பி, இது ரேசிங் காயில், 40,000 வோல்ட், பிக்கப் பிச்சுக்கும்"னு சொல்லியிருக்கார். அந்த ஒரு வாக்கியத்துல ரெண்டு தப்பு இருக்கு.

முதல்ல வோல்டேஜ். பிளக் இடைவெளியில காற்று உடையறதுக்கு எவ்வளவு வோல்ட் வேணுமோ, காயில் அவ்வளவுதான் ஏறும். அது இடைவெளியையும் கம்ப்ரெஷனையும் பொறுத்தது. 12,000 வோல்ட்ல பொறி தாண்டிடுச்சுன்னா, பெட்டி மேல அச்சடிச்ச 40,000 அங்க எட்டிப் பார்க்கிறதே இல்ல. அது கையிருப்பு மட்டும்தான்.

ரெண்டாவது, குறைஞ்ச ஓம் காயில் எதுக்காக வந்ததுன்னு பாருங்க. ஒரே காயில் வெச்ச நாலு சிலிண்டர் காரை எடுத்துக்கோங்க. 5000 ஆர்.பி.எம்.ல நிமிஷத்துக்கு 10,000 பொறி, அதாவது 6 மில்லி செகண்டுக்கு ஒண்ணு. கரண்ட் முழுசா ஏறவே நேரம் பத்தாது, அதனால வேகமா நிரம்புற காயில் தேவைப்பட்டது. நம்ம புல்லட் ஒத்த சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக். அதே 5000ல கேம் ஒரு சுத்து சுத்த 24 மில்லி செகண்ட் ஆகும். அதுல பாதி நேரம் பாயிண்ட் மூடியிருந்தாலே 12 மில்லி செகண்ட். 8 மில்லி ஹென்றியை 3.5 ஓமால வகுத்தா டைம் கான்ஸ்டன்ட் 2.3 மில்லி செகண்ட். அஞ்சு டைம் கான்ஸ்டன்ட்ல கரண்ட் கிட்டத்தட்ட முழுசா ஏறிடும்னு முதல் வருஷ பேசிக் எலக்ட்ரிக்கல்ல படிச்சோம் இல்ல? 2.3ஐ அஞ்சால பெருக்கினா 11.5. ஆக டாப் ஸ்பீடுலயே காயில் நிரம்பிடுது. காரோட பிரச்சனை புல்லட்டுக்கு இல்லவே இல்ல.

நம்ம வண்டிக்கு இருக்கிற பிரச்சனை எதிர்ப்பக்கம், அதாவது ஐடில்ல சூடு. 1000 ஆர்.பி.எம்.ல காயில் 60 மில்லி செகண்ட் ஆன்ல கிடக்கும். நிரம்பினதுக்கு அப்புறம் ஓடுற கரண்ட் முழுக்க வெறும் சூடு. குறைஞ்ச ஓம் காயில் போட்டா அந்தச் சூடு இன்னும் ஏறும். பாக்ஸே ஆன் நேரத்தைக் கட்டுப்படுத்தும்னு மேனுவல்ல தெளிவா போட்டிருந்தா மட்டும் குறைஞ்ச ஓம் பக்கம் போகலாம். மத்தபடி புல்லட்டுக்கு 3 முதல் 4 ஓம் சாதா காயில்தான் சரியான தேர்வு.

ரெண்டு சிலிண்டர்னா?

டிரையம்ஃப் போன்னவில் மாதிரி பழைய பிரிட்டிஷ் ட்வின்கள்ல ரெண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அதனால ரெண்டு பிளக்கையும் ஒரே நேரத்துல அடிச்சா போதும். ஒண்ணு வேலை செய்யும், இன்னொண்ணு எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்ல வீணா போகும். பாயர் பிரான்ஸ்டன் கிட்ல ரெண்டு 6 வோல்ட் காயிலை சீரிஸ்ல போடச் சொல்றது இதுக்காகத்தான். 1.5 கூட்டல் 1.5, மொத்தம் 3 ஓம், கரண்ட் மறுபடி அதே 4.7 ஆம்பியர். அங்க தெரியாம ரெண்டு 12 வோல்ட் காயில் போட்டா 7 ஓம் ஆயிடும், கரண்ட் பாதியா விழும், பொறியும் நோஞ்சானாகும்.

ரெண்டு வாய் இருக்கிற காயில் ஒண்ணு போட்டும் இதே வேலையை முடிக்கலாம். ஆனா அந்தக் காயிலை ஒத்த சிலிண்டர்ல போட்டு, இன்னொரு வாயைச் சும்மா தொங்க விடாதீங்க. செகண்டரி கரண்ட் திரும்பி வர வழியில்லாம உள்ள இன்சுலேஷனைக் கிழிச்சுடும்.

காயிலோட சேர்த்துப் பார்க்க வேண்டியவை

பிளக் கேப்: பழைய வண்டியில செம்புக் கம்பி வயரும் ரெசிஸ்டர் இல்லாத கேப்பும் இருக்கும். பாயிண்ட்டுக்கு அது பரவாயில்ல. எலக்ட்ரானிக் பாக்ஸுக்கு ஒவ்வொரு பொறியும் ஒரு ரேடியோ சிக்னல், டிரிகர் குழம்பும். 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் கேப் ஒண்ணு போடுங்க.

கண்டென்சர்: பாயிண்ட்டை முழுசா எடுக்கிற கிட்னா பழைய கண்டென்சரையும் கழட்டிடணும். பாயிண்ட்டை வெச்சுக்கிட்டே டிரான்சிஸ்டர் சேர்க்கிற கிட்னா மேனுவல் சொல்றபடி செய்யுங்க.

பேட்டரி: பழைய வடிவமைப்பு பாக்ஸ்கள் சில, வோல்டேஜ் இறங்கினா தப்பான நேரத்துல பொறி விடும். புல்லட்ல அதுக்கு அர்த்தம் கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் மேல அக்கறை இருந்தா, செத்த பேட்டரியோட உதைக்காதீங்க.

இடம்: காயிலைக் காத்து படுற மாதிரி, எஞ்சின் சூட்டுல இருந்து தள்ளி, அதிர்வு தாங்க ரப்பர் வெச்சு மாட்டுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்

1. மல்டிமீட்டரை 200 ஓம்ல வெச்சு, ரெண்டு முனையையும் ஒண்ணா ஒட்டிப் பாருங்க. 0.3 காட்டினா அது வயரோட ரெசிஸ்டன்ஸ், எல்லா அளவுல இருந்தும் கழிக்கணும். சின்ன எண்களை அளக்கும்போது 0.3 பெரிய தப்பு.

2. பிரைமரியை அளங்க. 14ஐ அதால வகுங்க. வர்ற ஆம்பியர் பாக்ஸ் எல்லைக்குள்ள இருக்கா?

3. செகண்டரியை அளங்க. சில ஆயிரம் ஓம் வரணும். கேப்போட சேர்த்து அளந்தா கேப்போட 5 கிலோ ஓமும் கூட வரும், மறக்காதீங்க.

4. வண்டியில மாட்டி, பிளக்கை எஞ்சின் மேல நல்லா எர்த் பண்ணி பொறி பாருங்க. வயரைத் தொங்கவிட்டு உதைக்காதீங்க, காயிலுக்கும் பாக்ஸுக்கும் ஆகாது. வெளிய வர்ற நீலப் பொறியை மட்டும் நம்பிடவும் கூடாது. சிலிண்டருக்குள்ள அழுத்தம் அதிகம், அங்க தாண்டுறது கஷ்டம்.

5. அரை மணி நேரம் ஓட்டிட்டு மறுபடி பாருங்க. செம்போட ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும். 25 டிகிரியில 3.5 ஓம் இருந்தது 75 டிகிரியில 4.2 ஆகும், இது சாதாரணம். ஆனா சூடானா வண்டி நின்னு, ஆறினா ஸ்டார்ட் ஆகுதுன்னா உள்ள இன்சுலேஷன் விரிசல் விட்டிருக்கலாம். குளிர்ந்த காயிலை அளந்தா மீட்டர் அதைக் காட்டாது.

கடைசியா ஒண்ணு. பாயிண்ட் புல்லட்ல ஹெட்லைட் பக்கத்து ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கிட்டே கிக்கரை மெதுவா அழுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரெஷரைப் பிடிச்சு கொஞ்சம் நகர்த்தி, அப்புறம் உதைக்கிற ஒரு முறை உண்டு. பாயிண்ட் திறந்து காயில் கரண்ட் நிக்குறதைத்தான் அந்த முள் காட்டிட்டு இருந்தது. எலக்ட்ரானிக் போட்டதும் நிறைய கிட்ல அந்தச் சைகை வராது, கம்ப்ரெஷனைக் காலால உணர்ந்துதான் பழகணும். கிட் மாட்டின அன்னிக்கே தாத்தாகிட்ட சாவியைக் கொடுத்தா, இதையும் சேர்த்துச் சொல்லிடுங்க. இத்தனை வருஷமா அவர் பார்த்துட்டு இருந்தது அந்த முள்ளைத்தான். கழட்டின பாயிண்ட் செட்டையும் கண்டென்சரையும் பழைய காயிலையும் துணியில சுத்தி டூல் பாக்ஸ்ல வெச்சிருங்க. நடுவழியில பாக்ஸ் போனா, வீடு வந்து சேர அதுவே போதும்.