சர்ஜிக்கல் கடைக்குச் சான்றிதழ்: யார் ‘தகுதியுள்ளவர்’?

2023 அக்டோபர் 1 நெருங்கியபோது, ஆலங்குடி வட்டாரத்து சர்ஜிக்கல் கடைக்காரர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான் இருந்தது: அதற்குள் மருத்துவக் கருவி விற்பனைக்கான எம்டி-42 பதிவுச் சான்றிதழ் எடுக்காவிட்டால் கடையை மூட வேண்டுமா? இங்கே இரண்டு தேதிகள் கலந்துவிட்டன. 2023 அக்டோபர் 1 என்பது அபாய அளவு கூடிய சி, டி வகைக் கருவிகளைத் தயாரிப்போருக்கும் இறக்குமதி செய்வோருக்கும் உரிய கெடுவாக இருந்தது. விற்பவர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2022 செப்டம்பர் 30 அன்றே அறிவிக்கப்பட்டுவிட்டது. இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் எந்தத் தேதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. கடையில் ‘தகுதியுள்ள தொழில்நுட்பப் பணியாளர்’ ஒருவர் இருந்தாக வேண்டும் என்கிறது விதி. பதிவு பெற்ற மருந்தாளுநர், பட்டதாரி, அல்லது பிளஸ் டூ முடித்து மருத்துவக் கருவி விற்பனையில் ஓராண்டு அனுபவம் உள்ளவர்: இவர்களில் யாராகவும் இருக்கலாம். எந்தப் பாடத்தில் பட்டம் என்று கேட்பதில்லை. இதை நோயாளியின் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்று சொன்னால் எப்படி ஏற்பது?

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரையே எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஜியோலைட் துகள்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதால், 90 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜன் வெளியே வருகிறது. ஜியோலைட்டில் ஈரம் ஏறினால் இந்தச் சதவீதம் இறங்கும். ஆனால் முன்பக்கக் கண்ணாடிக் குழாயில் குண்டு அதே 5 லிட்டரில்தான் நிற்கும். எவ்வளவு காற்று வருகிறது என்பதைத்தான் அது காட்டும். அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைக் காட்டாது. மெஷின் ஓடுகிறதே என்று வீட்டார் நம்பியிருக்க, நோயாளிக்கு மூச்சு வாங்கும். குறைந்தது 82 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கண்டறிய ஆக்சிஜன் அனலைசர் வேண்டும். அதை வைத்திருக்கிறீர்களா, பயன்படுத்தத் தெரியுமா என்று சான்றிதழ் தரும்போது விதி கேட்பதில்லை. இடவசதி, சேமிப்பு, பதிவேடு என்று கடைக்குள்ளேயே அதன் பார்வை நின்றுவிடுகிறது. விற்கும் கருவியில் பயிற்சி பெற்றவர்தான் தகுதியுள்ளவர் என்று விதியைத் திருத்த வேண்டும்.

மற்ற கேள்விகள்:

விண்ணப்பம்? மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு, எம்டி-41 படிவத்தில்.

கட்டணம்? 3,000 ரூபாய், சான்றிதழைத் தக்கவைக்க 5 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கட்ட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்? மருந்து விற்பனை உரிமம் இருந்தால் இது தனியாக வேண்டாம்.

கொள்முதல்? உரிமமோ பதிவோ உள்ளவர்களிடம் மட்டும், பில்லுடன்.

வாடகைக்கு விட்டால்? வாடகையை விதி தனியாகக் குறிப்பிடவில்லை; கிராமங்களில் பல மெஷின்கள் வாடகைக்கே போவதால் இந்த ஓட்டையை அரசு உடனே அடைக்க வேண்டும்.

வாங்குபவர் செய்ய வேண்டியது? அனலைசரில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.