புழுவுக்கும் எமன் உண்டு

பூச்சியைக் கொல்லப் பூச்சி வளர்ப்பது என் தொழில். விழுப்புரம் பக்கத்தில் ஒட்டுண்ணி அட்டை தயாரிக்கும் கூடமொன்றில் வேலை பார்க்கிறேன். தட்டுத் தட்டாக உடைத்த கம்பு, அதில் கொஞ்சம் நிலக்கடலைப் பருப்புத் தூள், அதன் மேல் அரிசி அந்துப்பூச்சியின் முட்டை. முட்டையிலிருந்து வரும் புழு ஒரு மாதத்துக்கு மேல் கம்பைத் தின்று, கூண்டுப்புழுவாகி, அந்தாக வெளியே வரும். அந்துகளைப் பிடித்து முட்டையிட வைத்து, முட்டையைத் தனியே சலித்து எடுப்போம். அந்தின் இறக்கைச் செதில் மூக்கில் ஏறினால் இருமல் லேசில் நிற்காது. முகமூடி இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

சலித்த முட்டையைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து, கரு வளராதபடி செய்து, பசை தடவிய அட்டையில் தூவுகிறோம். அந்த அட்டையோடு டிரைக்கோகிரம்மா என்னும் குளவிகளை அடைத்துவைப்போம். குளவி என்றால் கொட்டும் குளவி அல்ல. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். பெண் குளவி ஒவ்வொரு அந்து முட்டைக்குள்ளும் தன் முட்டையை இறக்கிவிடும். மூன்று நான்கு நாளில் அட்டை கறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஒரு சி.சி. அட்டையில் ஏறத்தாழ 16,000 முதல் 20,000 முட்டை வரை இருக்கும். இந்த அட்டையைத்தான் விவசாயிகள் வாங்கிப்போய் வயலில் கட்டுகிறார்கள்.

"ஏம்மா, இத கட்டிட்டா புழு செத்துடுமா?" அட்டை வாங்க வரும் பெரியவர்கள் பலரும் கேட்பது இதுதான். சாகாது. இந்தக் குளவிக்குப் புழு தேவையில்லை, முட்டைதான் தேவை. புழு வந்த பிறகு அட்டை கட்டினால் காசுதான் வீண். தாய் அந்து வயலுக்கு வந்து முட்டையிடத் தொடங்கும் நேரத்தில் கட்ட வேண்டும். அது எப்போது என்று இனக்கவர்ச்சிப் பொறியில் விழும் ஆண் அந்துகள் சொல்லிவிடும்.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் எதிரி

கோடையில் நம் வயல்களில் நிற்பவை இறவை நிலக்கடலை, நெல் தரிசு உளுந்து, மாசிப்பட்டப் பருத்தி, மக்காச்சோளம். இவற்றைத் தாக்கும் புழுக்களில் முக்கியமானவை மூன்று. பருத்தியிலும் உளுந்திலும் பச்சைக் காய்ப்புழு. நிலக்கடலையில் புரொடீனியா. மக்காச்சோளக் குருத்தில் படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான இது 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது.

பச்சைக் காய்ப்புழுவின் அந்து முட்டைகளை ஒவ்வொன்றாக இடுவதால் டிரைக்கோகிரம்மாவுக்கு அது எளிது. புரொடீனியா அந்து நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக, அடுக்கடுக்காக இட்டு, தன் உடம்பு ரோமத்தால் மூடிவிடும். மேலடுக்கைத் தாண்டி உள்ளே போக டிரைக்கோகிரம்மாவால் முடிவதில்லை. அதற்கென்றே டெலினோமஸ் என்ற இன்னொரு குளவி இருக்கிறது. ரோமத்தை விலக்கிக்கொண்டு அடியடுக்கு வரை போய்விடும். படைப்புழுவின் முட்டைக் குவியலையும் அது விடுவதில்லை.

முட்டையில் தப்பிப் பொரித்து வந்த குஞ்சுப் புழுவுக்குக் கம்போலெடிஸ் என்ற குளவி காத்திருக்கும். பச்சைக் காய்ப்புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். உள்ளே வளரும் குளவிக் குஞ்சு, புழு பெரிதாகிப் பயிரை அழிக்கும் முன்பே அதைக் கொன்று வெளியே வந்து, பக்கத்திலேயே சிறு கூடு கட்டிக்கொள்ளும். இலையில் கறுப்புப் புள்ளியுள்ள சாம்பல் நிறக் கூடும் அருகே சுருங்கிய புழுத் தோலும் பார்த்தால் அதைப் பிய்த்து எறியாதீர்கள்.

பிரகான் குளவி புழுவைக் கொட்டி அசையவிடாமல் செய்து, உடம்பின் மேலேயே முட்டையிடும். இந்தப் பிரகான் எங்கள் அந்து வளர்ப்புத் தட்டுகளில் நுழைந்துவிட்டால் கம்புப் புழு அத்தனையையும் காலி செய்துவிடும் என்று நாங்கள் வலைத்துணி கட்டிக் காவல் காக்கிறோம். கூடத்தில் நாங்கள் அஞ்சும் பூச்சி வயலில் விவசாயிக்குப் பெரிய துணை.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சுவரில் மண் குடுவை கட்டும் குளவி புழுவைத் தூக்கிவந்து அடைப்பதையும், சில நாளில் அதே குடுவையிலிருந்து குளவி வெளிவருவதையும் அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். புழு குளவியாவதில்லை, உள்ளே இட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. ஆனாலும் அவர்கள் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்களே, அந்தப் பார்வைதான் இன்று வயலில் நமக்கு வேண்டும்.

ஒட்டுண்ணிகள் தவிர நேரடியாகப் பிடித்துத் தின்பவையும் உண்டு. பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சும் முட்டையையும் சின்னப் புழுவையும் தின்னும். மக்காச்சோளக் குருத்துக்குள் வாலில் இடுக்கி வைத்த பூச்சி ஒன்று ஒளிந்திருந்து படைப்புழுவைத் தின்னும். சிலந்திக்கு எல்லாம் ஒன்றுதான். கரிச்சான் குருவிக்கு உட்கார ஒரு குச்சி கிடைத்தால் போதும், நாள் முழுக்கப் புழு பொறுக்கும்.

நோயும் ஒரு துணைதான். செடியின் உச்சியில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கரைந்து ஒழுகும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது என்.பி.வி. என்ற வைரஸ் தாக்கிய புழு. மனிதருக்கோ தேனீக்கோ இது எதுவும் செய்யாது. புரொடீனியாவின் வைரஸ் பச்சைப்புழுவைத் தாக்காது, அதனதற்குத் தனி. இந்த வைரஸ் கரைசலாகவே கிடைக்கிறது. வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் பொழுது சாயும் நேரத்தில்தான் தெளிக்க வேண்டும்.

மருந்து கொல்வது யாரை?

இத்தனை பேர் காவலிருந்தும் புழு ஏன் பெருகுகிறது? முதல் புழுவைக் கண்டதும் தெளிக்கும் மருந்து, புழுவைவிட வேகமாக இந்தக் குளவிகளையும் வண்டுகளையும் கொன்றுவிடுகிறது. புழு காய்க்குள்ளும் குருத்துக்குள்ளும் மறைந்திருக்கிறது. குளவியோ இரை தேடி இலை இலையாகத் திரிகிறது. மருந்து அதன் மேல்தான் முதலில் படும். தப்பிய புழு மறுபடி பெருகும்போது தடுக்க ஆளில்லை. அடுத்த தெளிப்பு, அதற்கடுத்த தெளிப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

1987இல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பருத்தியில் பச்சைப்புழு பெருகியது. அதுவரை கைகொடுத்த பைரித்ராய்டு மருந்துகளுக்கு அது கட்டுப்படவில்லை. எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தது. கடன் வாங்கி அடித்துக்கொண்டே இருந்தவர்களில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. புழுவுக்கு மருந்தைத் தாங்கும் சக்தி வருகிறது. தன்னை உயிரோடு தின்னும் குளவியிடமிருந்து அவ்வளவு எளிதில் தப்பிவிட முடிவதில்லை.

அதற்காக மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேதம் கைமீறினால் தெளிக்கத்தான் வேண்டும். அது கடைசிப் படியாக இருக்கட்டும். எல்லாப் பூச்சியையும் ஒன்றாகக் கொல்லும் மருந்தாக இல்லாமல் இருக்கட்டும்.

செய்யக்கூடியவை

கோடை உழவை விடாதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் கூண்டுப்புழு மேலே வந்தால், ஏருக்குப் பின்னாலேயே வரும் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். நிலக்கடலை வரப்பில் ஆமணக்கு விதையுங்கள். புரொடீனியா அந்து அதைத் தேடி வந்து முட்டையிடும். குவியலையும், சல்லடையான இலையில் கூட்டமாக இருக்கும் குஞ்சுப் புழுவையும் கையால் கிள்ளி எடுத்துவிடலாம். வரப்பில் தட்டைப்பயறு இருந்தால் அதில் வரும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வந்து தங்கும். ஏக்கருக்கு இருபது இடத்தில் பறவை உட்காரக் குச்சி நடுங்கள்.

பருத்திக்கு ஏக்கருக்கு 2.5 சி.சி. அட்டை, விதைத்த 45ஆம் நாளிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை கட்ட வேண்டும். சித்திரை வெயில் இந்தக் குளவிக்கு ஆகாது. 35 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும். அதனால் சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம், எறும்பு ஏறாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். அட்டை கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரமாவது மருந்து தெளிக்கக் கூடாது.

எங்கள் கூடத்தில் இரவு பகலாக வளர்த்தாலும், ஒரு வயலில் தானாக வாழும் குளவிகளுக்கும் சிலந்திகளுக்கும் நாங்கள் ஈடாக மாட்டோம். நாங்கள் தருவது கூடுதல் ஆள்பலம் மட்டுமே. மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன் காலையில் ஒருமுறை வயலுக்குள் நடந்து, பத்துச் செடியின் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கறுத்த முட்டை, சாம்பல் நிறக் கூடு, தொங்கும் புழு, பொறிவண்டு இவை கண்ணில் பட்டால் அவற்றையும் கணக்கில் எழுதுங்கள். புழுவை மட்டும் எண்ணி மருந்து அடிக்காதீர்கள். அதன் எதிரியையும் எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.