சிபியு ஜிபியுவை முந்துன கதை

போன மாசம் ஒரு ஃப்ரெண்டுகிட்ட வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். அவ பிஎச்டி பண்றா. உலோகத் தகட்டுல வெப்பம் எப்படிப் பரவுதுன்னு சிமுலேஷன். ஒரு ரன் முடிய ராத்திரி முழுக்க ஆகுது. "ஜிபியுல போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும், நான் எழுதித் தர்றேன்"னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் ஜிபியுக்குன்னு நான் ஒரு வரிகூட எழுதினதில்ல.

கூகுள் கோலாப்ல இலவசமாக் கிடைக்கிற டி4 கார்டுல கூடா கத்துக்க ஆரம்பிச்சேன். முதல் பாடம், ரெண்டு அரேயைக் கூட்டுறது. ஒவ்வொண்ணுலயும் ஒரு கோடி எண். ஓட்டிப் பாத்தா, சிபியுவே முந்திடுச்சு!

கணக்குப் போட்டாப் புரியும். எண்ணுக்கு 4 பைட், அப்போ ஒரு அரே 40 எம்பி. உள்ளே போக ரெண்டு, திரும்பி வர ஒண்ணு, மொத்தம் 120 எம்பி. கார்டுக்குப் போற பிசிஐஇ பாதையில நொடிக்கு அதிகபட்சம் சுமார் 16 ஜிபிதான் போகும். போக்குவரத்துக்கே 7 மில்லிசெகண்டுக்கு மேல. கார்டோட சொந்த மெமரியோ நொடிக்கு 300 ஜிபி. கூட்டல் அரை மில்லிசெகண்ட்ல முடிஞ்சிடும். பத்து நிமிஷ சமையலுக்கு ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல போய் காய் வாங்கின மாதிரி.

வெப்பக் கணக்கு அப்படியில்ல. தகட்டைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்தோட புது வெப்பநிலையையும் சுத்தியிருக்கிற நாலு கட்டத்தை வெச்சுக் கண்டுபிடிக்கணும். இதையே லட்சம் ஸ்டெப். டேட்டாவை ஒரு தடவை அனுப்பிட்டு, கடைசி ஸ்டெப் வரைக்கும் கார்டுலயே வெச்சுக்கலாம். நான் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் திருப்பி எடுத்துட்டிருந்தேன். அந்த காப்பியை லூப்புக்கு வெளியே தள்ளினதும்தான் கார்டு வேலையே செய்ய ஆரம்பிச்சது.

அடுத்து வார்ப். என்விடியா கார்டுல 32 த்ரெட் ஒரு கூட்டமா ஓடும். எல்லாரும் பக்கத்துப் பக்கத்து எண்ணைக் கேட்டா, 128 பைட்டும் மொத்தமா வந்துடும். நான் ஆளுக்கு ஒரு வரிசையில நிக்க வெச்சிருந்தேன். ஐ, ஜே ரெண்டையும் இடம் மாத்தினேன், அவ்வளவுதான்.

நடுவுல ஒரு தடவை ஆயிரம் மடங்கு வேகம்னு காட்டுச்சு. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பவே போயிட்டேன். கர்னலை ஏவின உடனே சிபியு காத்திருக்காம அடுத்த வரிக்குப் போயிடும். நான் அளந்தது ஏவின நேரத்தை மட்டும். நேரம் பாக்குறதுக்கு முன்னாடி சிங்க்ரனைஸ் போட மறந்துடாதீங்க.

இப்போ அவ ரன், டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடியுது. ஆனா அவ முதல்ல கேட்டது நேரத்தை இல்ல: "என் பழைய விடையோட எத்தனை இலக்கம் ஒத்துப்போகுது?" அவ கோட் டபுள், நான் எழுதினது ஃப்ளோட், அதுல ஏழு இலக்கம்தான் நம்பலாம். டி4-ல டபுள் கணக்கோட உச்ச வேகம் ஃப்ளோட்டுல 32-ல ஒரு பங்குதான். மறுபடி எழுதிட்டிருக்கேன்.