எஞ்சினுக்குள் விழுந்த இரும்புத் துண்டு

தம்பானூர் என்றதும் நம் குடும்பங்களுக்கு நினைவில் எழுவன இரண்டு: ஒருபுறம் இரயில் நிலையம், அதன் எதிரே பஸ் நிலையம். இரயில் பாதை தம்பானூரை 1931-ஆம் ஆண்டிலேயே எட்டிவிட்டது. எனினும் அங்கிருந்து தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் வண்டி ஓடத் தொடங்கியது 1979-இல்தான். அதுவரையில் சொந்த ஊரில் திருமணம் என்றாலும், இழவு என்றாலும், பொங்கலுக்குப் பெற்றோரைக் காணப் போவதென்றாலும், கரமனை, நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகச் செல்லும் பஸ்ஸையே நம்மவர் நம்பியிருந்தனர். இரவு வேளையில் நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டால், கைக்குழந்தையும் மூட்டையுமாகச் சாலையோரத்தில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆதலின் எஞ்சினைப் பற்றிய பேச்சு பட்டறைக்காரர்க்கு மட்டும் உரியதன்று.

திருவிதாங்கூர் அரசின் பஸ் போக்குவரத்து, 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாளால் தொடங்கி வைக்கப்பெற்றது. இலண்டன் போக்குவரத்துக் கழகத்தில் பணியாற்றிய ஸால்ட்டர் என்பார் அதன் மேற்பார்வையாளராக வரவழைக்கப்பட்டார். இங்கிலாந்திலிருந்து வந்த 60 காமர் சேசிஸ்களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின்மேல் கூண்டு கட்டும் வேலை இங்கேயே, சாக்கைப் பட்டறையில் நடைபெற்றது. பின்னர்ப் பட்டறை பாப்பனங்கோட்டிற்கு மாறியது. 1965-இல் அத்துறை கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. எஞ்சின்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன. ஆனால், பழுது பார்க்கும்போது கருவி முறிந்து உள்ளே விழும் துன்பம் மட்டும் மாறவேயில்லை.

அது எவ்வாறு நேர்கிறது என்பதை முதலில் கூறிவிடுவோம். எஞ்சின் தலைப்பாகத்தை இறுக்கும் போல்ட்டு பல்லாண்டு வெப்பத்தாலும் துருவாலும் இறுகிக் கிடக்கும். கழற்ற முயலும்போது அதன் தலை மட்டும் கையோடு வந்துவிடும். உடல் உள்ளேயே தங்கிவிடும். அதன் நடுவில் துளையிட்டு, இடமாகத் திருகினால் பற்றிக்கொள்ளும் திருகுக் கருவியை நுழைத்துத் திருப்புவர். பொறுமை தவறினால் இக்கருவியும் முறிந்துபோகும். அந்தக் கணத்தில் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. போல்ட்டு மென்மையான எஃகு. துளைப்பான் அதனை எளிதில் வெட்டும். முறிந்த கருவியோ துளைப்பானைப் போலவே கடினமாகப் பதப்படுத்தப்பட்ட எஃகு. அதைத் துளைக்கப் போனால் துளைப்பானின் முனை வழுக்கிச் சுற்றியுள்ள மென்மையான அலுமினியத்தில் இறங்கும். ஒரு துண்டை எடுக்கப் போய் எஞ்சின் தலையையே பாழாக்கியவர் பலர்.

தேர்ந்த மெக்கானிக்குகள் இந்த இடத்தில் கையை எடுத்துவிடுவார்கள். தேநீர் பருகிவிட்டு வந்து பார்ப்பார்கள் என்றும் சொல்லலாம். அந்தத் தேநீரை நாம் சோம்பலாகக் கருதுவதில்லை. பிறகு முறிந்த முனையின்மேல் ஒரு நட்டை வைத்து அதன் துளை வழியே வெல்டிங் செய்வர். அந்த வெப்பத்தால் பிடிப்பு தளரும். ஆறியபின் நட்டைத் திருப்பினால் பெரும்பாலும் துண்டு வெளிவந்துவிடும். அதற்கும் இணங்காதது மின்பொறி அரிப்புக்குத்தான் இணங்கும்.

இம்முறையின் வரலாறு நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் நாட்டில் லாசரெங்கோ தம்பதியர், மின் இணைப்பு முனைகள் பொறியால் தேய்ந்து அழிவதை ஆராய்ந்தனர். அழிக்கும் அந்தப் பொறியையே உலோகத்தைக் குடையும் கருவியாக்கலாம் என்று 1943-இல் கண்டனர். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்னும் மூவர் தனியாக இதே வழியை அடைந்தனர். அவர்களுக்கு இடப்பட்ட பணி என்ன தெரியுமா? அலுமினிய வார்ப்புகளுக்குள் முறிந்து சிக்கிய துளைப்பான்களையும் மரை வெட்டும் டேப்புகளையும் வெளியே எடுப்பதே! இன்று துல்லியமான அச்சுகளைச் செய்யும் பெருந்தொழில் ஒன்று, முறிந்த டேப்பிலிருந்து பிறந்தது எனலாம். பொறிக்கு எஃகின் கடினம் ஒரு பொருட்டன்று. மின்சாரம் பாயும் எந்த உலோகத்தையும் அது துகள் துகளாக அரிக்கும். முறிந்த கருவியின் நடுப்பகுதியை அரித்துவிட்டால் எஞ்சியவை தளர்ந்து உதிரும். வார்ப்பின் மரை பழுதுபடாது.

கடிகாரம் பழுது பார்ப்போர் கையாளும் வழி இன்னும் எளியது. பித்தளைத் தகட்டில் எஃகுத் திருகு முறிந்துவிட்டால், அதனைச் சூடான படிகாரக் கரைசலில் ஊறவைப்பர். எஃகு மெல்லக் கரைந்துவிடும், பித்தளை அப்படியே நிற்கும். முடிதிருத்தும் கடைப் படிகாரம் செய்யும் வேலை இது! பஸ் எஞ்சினை ஊறவைக்கத் தொட்டி கிடைக்காது என்பது வேறு.

துண்டு வெளியே வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் பெரும்பிழை. துளையிட்ட சீவல்கள் எங்கே போயின? கருவியின் நுனியிலிருந்து தெறித்த சிறு பல் எங்கே? எஞ்சின் நிமிடத்திற்கு 2000 சுற்று சுழன்றால், பிஸ்டன் நொடிக்கு 33 தடவை மேலேறுகிறது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கும் தலைப்பாகத்திற்கும் இடையே உச்சநிலையில் எஞ்சும் வெளி ஒரு மில்லிமீட்டர் அளவே. அரிசிமணி அளவு இரும்பு அங்கே கிடந்தால், நொடிக்கு 33 முறை சம்மட்டி அடி விழுகிறது என்று பொருள். வால்வுக்கடியில் சிக்கினால் வால்வு வளையும். தூளாகி எண்ணெயில் கலந்தால் இன்னும் கேடு: பேரிங்கின் இடைவெளி தலைமயிரின் தடிப்பைவிட மிகுதியன்று; அதில் புகுந்த மணல் அளவு எஃகு, மென்மையான பேரிங் உலோகத்தில் பதிந்துகொண்டு, சுழலும் தண்டை நாள்தோறும் கீறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே துண்டு விழுந்தது என்று ஐயம் எழுந்தவுடன் எஞ்சினைச் சுழற்றலாகாது. ‘ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் புகையோடு வெளியே வந்துவிடும்’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். காந்தக்கோல் எஃகைப் பிடிக்கும். அலுமினியத்தையும் பித்தளையையும் தொடாது. அவற்றிற்குக் கிரீஸ் தடவிய குச்சியும், மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சும் கருவியும் வேண்டும். துளை வழியே உள்நோக்கும் சிறு கேமரா இப்போது எளிதில் கிடைக்கிறது. அதனால் நிச்சயம் ஏற்படாவிட்டால் தலைப்பாகத்தைக் கழற்றிப் பார்ப்பதே நேர்மை. காற்றை வேகமாக ஊதுவது துகளைப் பிஸ்டன் வளையத்தின் இடுக்கில் தள்ளிவிடும். எண்ணெய்ப் பகுதியில் விழுந்திருந்தால் கீழுள்ள சம்பை இறக்கி, சல்லடையைக் கழுவி, எண்ணெய்ப் பாதைகள் அனைத்தையும் அலச வேண்டும். பேரிங் அரைபட்டுத் தூள் பரவிய எஞ்சினில், எண்ணெய் குளிரும் கூட்டின் நுண்குழல்களைக் கழுவித் தூய்மை செய்வது அரிது; அதனை மாற்றிவிடுவதே நலம்.

இவை அனைத்தினும் முதன்மையானது கணக்கு. முறிந்த கருவியின் துண்டுகளை வெள்ளைத் துணியில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். கருவி முழு வடிவம் பெறவில்லையென்றால் எஞ்சியது உள்ளே இருக்கிறது.

2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பரிசோதிக்கப்பட்ட குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்தில், எஞ்சினைச் சுழற்றப் பயன்படும் 1.25 மீட்டர் நீள நைலான் கருவி உள்ளேயே விடப்பட்டது. கருவி காணவில்லை என்பது தெரிந்திருந்தும், தேடி முடிப்பதற்கு முன்னரே விமானம் அனுப்பப்பட்டது. 34 பயணங்கள், ஏறத்தாழ 294 மணி நேரம் பறந்த பிறகு, 2024 ஜனவரி முதல் நாள் அக்கருவி உருக்குலைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. உயிர்ச்சேதம் நேராதது நற்பேறே.

1990 பிப்ரவரி 22-ஆம் நாள் ஏவப்பட்ட ஏரியேன் ராக்கெட்டுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அதன் வைக்கிங் எஞ்சின்களுள் ஒன்றின் நீர்க்குழாயில் ஒரு துணித் துண்டு மறதியாக விடப்பட்டிருந்தது. இரண்டு ஜப்பானியச் செயற்கைக்கோள்களோடு ராக்கெட் அழிந்தது. அந்த வைக்கிங்கின் வழியில் உருவானதே நம் நாட்டு விகாஸ் எஞ்சின். அதனை உருவாக்கிய குழுவை நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். நம் நாட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்களுக்குரிய தலைமையிடம், தம்பானூரிலிருந்து பஸ் ஏறிப் போகும் தொலைவில், நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் இருக்கிறது. இரும்பாயினும் கந்தலாயினும், கணக்கில் வராத பொருள் எஞ்சினுக்குப் பகை என்பதை அங்குள்ளோர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சொந்த வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். இத்தகைய பழுது பார்த்தபின் ‘சிறு துண்டுதான், பரவாயில்லை’ என்று மெக்கானிக் கூறினால் கோபிக்க வேண்டாம். ‘அண்ணாச்சி, எல்லாத் துண்டும் வந்ததா, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். மறைக்காமல் உண்மையைச் சொல்பவருக்கு ஓரிரு நாள் கூடுதலாக அவகாசமும், அதற்குரிய கூலியும் கொடுங்கள். வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய வடிகட்டியை எறிய விடாமல் அறுத்து, அதன் காகித மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது எஃகு. ஒட்டாமல் வெள்ளையாக மின்னுவது பெரும்பாலும் அலுமினியம் அல்லது பேரிங் உலோகம். செம்பு நிறமாயின் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. மடிப்புகளில் கரி மட்டுமே இருந்தால், களியக்காவிளையைத் தாண்டி ஊர்ப்பக்கம் தாராளமாகப் போய்வரலாம்.