மனச்சோர்வுக்குக் காளான் மருந்தா? முதியோர் அறிய வேண்டியவை

“மனச்சோர்வுக்குக் காளானிலிருந்து ஒரு மருந்து வந்திருக்கிறதாமே, அப்பாவுக்குக் கொடுக்கலாமா?” என்று சில குடும்பத்தினர் எங்களிடம் கேட்கின்றனர்.

கேள்வி அடிப்படையற்றதன்று. சிலவகைக் காளான்களில் உள்ள சைலோசைபின், 2016-இல் அமெரிக்காவில் வெளியான இரு ஆய்வுகளில், புற்றுநோயாளரின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணித்தது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைக்கலாம். ஆனால் ஆய்வுகளில் உடல்நிலையை முன்னரே சோதித்து, அளவறிந்து கொடுத்து, விளைவு அடங்கும்வரை பயிற்சி பெற்றோர் உடனிருந்தனர். அவற்றில் பங்கேற்ற முதியோரும் மிகச் சிலரே.

முதியோருக்கு ஆபத்து ஏன் கூடுதல்?

இதயம்: இப்பொருள் சில மணி நேரம் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் உயர்த்தும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு இதுவே ஆபத்தாகலாம்.

மருந்துகள்: லித்தியம் உட்கொள்வோருக்கு வலிப்பு வரக்கூடும். சில மனச்சோர்வு மாத்திரைகள் இதன் விளைவைக் குறைக்கும். அதற்காக அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால், பழைய நோய் மீண்டும் தலைதூக்கலாம்.

மனமும் நடையும்: மனச்சிதைவு, இருமுனை மனநோய் உள்ளவர்களின் நிலை மோசமாகலாம். மறதி நோய் உள்ளவர்களுக்குக் குழப்பம் கூடலாம். தள்ளாட்டத்தில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

கொடைக்கானல் போன்ற இடங்களில் மறைவாக விற்கப்படும் காளானில் அளவும் தெரியாது, வகையும் தெரியாது. கல்லீரலை அழிக்கும் நச்சுக்காளான்களும் உண்டு. அவற்றால் வரும் வாந்தி பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பின்னரே தொடங்கும். மேலும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சைலோசைபினை வைத்திருப்பது குற்றம்.

எவரேனும் உட்கொண்டுவிட்டால், அவரைத் தனியே விடாதீர்கள். நெஞ்சுவலி, வலிப்பு, கடும் குழப்பம், வாந்தி இருப்பின் 108-ஐ அழையுங்கள். எஞ்சிய காளானைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள். உட்கொண்டதை மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது சிகிச்சைக்காகவே, குறைகூற அன்று.

உட்கொள்ளும் எண்ணம் மட்டுமே இருப்பின், அதையும் எங்களிடம் பேசுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட அனைத்து மருந்துகளையும் எடுத்துவாருங்கள். முதுமையில் வரும் சோர்வுக்குத் தைராய்டு குறைவோ, வைட்டமின் பி12 குறைவோ, காது கேளாமையால் வந்த தனிமையோ காரணமாக இருக்கலாம். இவற்றைச் சரிசெய்ய இங்கேயே வழியுண்டு. அப்பாவின் மௌனத்துக்கு மருந்து தேடும் முன், அதன் காரணத்தைச் சேர்ந்து தேடுவோம்.