விசுவாசமும் நற்கிரியையும்: கிறிஸ்தவ வாழ்வில் ஒரு நெடிய விவாதம்

"கிறிஸ்தவர்களுக்கு நம்பிக்கை ஒன்றே போதும், செயல் வேண்டுவதில்லை" என்னும் கூற்று நம்மவர் உரைகளில் அவ்வப்போது எழுவதுண்டு. பிற சமயத்தார் கொள்கையை அவர்களே ஏற்கும் வடிவில் எடுத்துரைப்பதுதான் அறிவு நேர்மை. ஆகவே இக்கூற்றை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'விசுவாசம்' என வழங்குவது, புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பிஸ்டிஸ்' எனப்படும். அறிவால் ஒப்புக்கொள்ளுதல் மட்டுமன்றி, ஒருவரைச் சார்ந்து நிற்றல், அவருக்கு உண்மையாயிருத்தல் ஆகியனவும் அதன் பொருளாம். எபிரேயத்தின் 'எமூனா'வும் அரபியின் 'ஈமா'னும் ஒரே வேரினின்று கிளைத்தவை. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் தம் விசுவாசத்தை 'ஈமான்' என்றே கூறுவர். நைசியா விசுவாச அறிக்கை அவர்களிடையே 'கானூனுல் ஈமான்' எனப் பெயர்பெறும்.

இவ்விசுவாசத்திற்கும் செயலுக்குமுள்ள உறவு என்ன? புதிய ஏற்பாட்டிலேயே இவ்வினா எழுகின்றது. பவுல், ரோமருக்கு எழுதிய நிருபத்தில், இப்ராஹீம் (அலை) அவர்கள் விருத்தசேதனத்திற்கு முன்பே, விசுவாசத்தால் நீதிமானாக ஏற்கப்பட்டார் என வாதிடுகின்றார். யாக்கோபின் நிருபமோ, அதே நபி தம் மகனைப் பலியிட முன்வந்த செயலைக் காட்டி, செயலற்ற விசுவாசம் உயிரற்றது என்கின்றது. வெறும் ஒப்புதல் பேய்களுக்கும் உண்டு என்பது அதன் வாதம்.

1522இல் வெளியான தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் மார்ட்டின் லூத்தர், பவுலின் வாக்கியத்தில் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். சர்ச்சை மூண்டது. ஆயினும் அவர் செயலைத் தள்ளினாரல்லர். 1520இலேயே நற்கிரியைகளைப் பற்றித் தனிநூல் எழுதியவர் அவர். செயல் மீட்பின் விலையன்று, விசுவாசத்தின் கனி என்பதே அவர் கருத்து. கத்தோலிக்கரின் திரெந்துப் பொதுச்சங்கம் 1547இல் இதனை மறுத்து, இறையருளோடு மனிதன் ஒத்துழைக்கின்றான் என்றும், நற்செயலால் அவன் நீதியில் வளர்கின்றான் என்றும் தீர்மானித்தது.

'விசுவாசம் மட்டும்' என்றோர் வாளாவிருந்தனரா? லூத்தரன் மரபில் தோன்றிய பக்தி இயக்கத்தைச் சேர்ந்த பிராங்கே, ஜெர்மனியின் ஹாலே நகரில் 1698இல் அநாதை இல்லத்திற்கு அடிக்கல் நாட்டினார். வேதவாசிப்பு, தனிச்செபம், ஏழையர் பணி ஆகியவற்றை அவ்வியக்கம் ஒருங்கே வலியுறுத்தியது. ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சேறியது. கத்தோலிக்கத் துறவு மரபிலோ, ஆறாம் நூற்றாண்டின் பெனடிக்ட் ஒழுங்குமுறை, நாளொன்றுக்கு எட்டு வேளை வழிபாட்டையும் உடலுழைப்பையும் விதித்தது.

1999 அக்டோபர் 31இல், ஆக்ஸ்பர்க் நகரில், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. மனிதன் தன் தகுதியாலன்றி, இறையருளால், விசுவாசத்தின் மூலம் ஏற்கப்படுகின்றான். அவ்வருளே அவனை நற்செயலுக்கு ஆயத்தமாக்குகின்றது என இருசாராரும் உடன்பட்டனர். சில வேறுபாடுகள் எஞ்சினும், பழைய கண்டனங்கள் இவ்வுடன்பாட்டிற்குப் பொருந்தா எனவும் அறிவித்தனர்.

ஆகவே, கிறிஸ்தவருக்குள் நிகழ்ந்த வாதம் செயல் வேண்டுமா என்பது பற்றியதன்று. மீட்பில் அதன் இடம் யாது என்பது பற்றியதாகும். அவர்களுக்கும் நமக்குமுள்ள மெய்யான வேறுபாடு வேறிடத்திலுள்ளது. ஈஸா (அலை) அவர்களின் சிலுவை மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் மீட்பு உண்டாயிற்று என்பதே அவர்தம் விசுவாசத்தின் மையம். அதனை நாம் ஏற்பதில்லை. உரையாடல் அவ்விடத்தில் நிகழட்டும். அண்டை வீட்டாரின் செபத்தையும் தொண்டையும் கண்ணால் கண்டபின், செயலற்றோர் என அவர்களைப் பேசுதல் நீதியாகாது.